தாய் வெளிநாட்டில்

மேற்பிரிவு லயம்,
பசறை.
14.10.2024

அன்புள்ள புஷ்பம் அக்காவுக்கு,

மலர் எழுதுகிறேன். நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். கம்சலா அப்பா கொழும்பில் அதே சாப்பாட்டுக் கடையில்தான் இருக்கிறார், தீபாவளிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தானும் ரமணனும் சுகம்தானே?

தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குள் போன் பிடிக்கிறதில்லை. கோயில் மேட்டில் ஏறினால்தான் பேசலாம். மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த காலோடு அங்கே ஏற முடியவில்லை. அதனால் வழக்கம் போலக் கம்சலாவின் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து அனுப்புகிறேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அபிவிருத்திச் சங்கக் கூட்டமாம். நீ கமிட்டியில் இருக்கிறாய், ஒரு விசயம் நீ பேசவேண்டும். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. ஒன்றேமுக்காலுக்குக் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். நம் பக்கம் வரும் பஸ் இரண்டேகாலுக்குத்தான். அந்த அரை மணித்தியாலமும் தோட்டத்துப் பிள்ளைகள் பதினாலு பேரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மண்மேட்டுக்கு அடியில் நிற்கிறார்கள். மழை விடாமல் பெய்கிறது. போன வியாழக்கிழமை மேட்டிலிருந்து தேங்காய் அளவு கல் ஒன்று உருண்டு வந்து ஒரு பையனின் குடையை உடைத்துவிட்டதாம். கம்சலா அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காசு கேட்கவில்லை அக்கா. பஸ் வரும்வரை கேட்டைத் திறந்து வைத்தால் போதும், பிள்ளைகள் மண்டபத்து விறாந்தையில் ஒதுங்கி நிற்கும். தாய்மார் முறை வைத்துக் காவலுக்கு நிற்கலாம். என் முறைக்கு நானும் வந்துவிடுவேன். ஆனால் எப்படி வருவது? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதிக் கொடுத்த பாரத்தில் நான் குவைத்தில் அல்லவா இருக்கிறேன். "தாய் வெளிநாட்டில், பாதுகாவலர் ரெ. புஷ்பம், விலாசம் பதுளை." அப்படி எழுதாவிட்டால் தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே இடம் ஏது? மூன்று வருசமாக அந்த வாசலை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து நிற்கிறேன், கம்சலா, "என்னம்மா, குவைத்துல வெயில் எப்படி?" என்று கேட்கிறாள். வாய்க்கொழுப்பு.

மறக்காமல் பேசு. நீதான் அங்கே அவளுக்கு அம்மா.

உன் தங்கச்சி
மலர்


பதுளை,
21.10.2024

அன்புத் தங்கச்சி மலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கால்வலி அப்படியேதான். அத்தானுக்குக் கடையில் பண்டிகை வேலை, வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது. ரமணன் பத்தாம் ஆண்டு என்ற பயமே இல்லாமல் திரிகிறான். மற்றபடி கடவுள் புண்ணியத்தில் சுகம்.

கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருசம் நூறு வயது. வாசலில் ஒரு வளைவு கட்டப்போகிறார்கள். தூண் இரண்டா நாலா என்று ஒரு மணித்தியாலம். மேலே தாமரையா அன்னமா என்று ஒரு மணித்தியாலம். செயலாளர் தம்பையா முதலாளி தாமரைதான் வேண்டும் என்று நின்றார், தாமரையே முடிவானது.

கேட்டு விசயமும் வந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. பார்ப்போம் என்றார்கள்.

கம்சலா இன்று வந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். உடம்பு தேறியிருக்கிறாள். சின்னவள் நிரோஜிக்கு ஒரு சட்டை வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு அவளே கொண்டுவருவாள்.

அக்கா
புஷ்பம்


மேற்பிரிவு லயம்,
பசறை.
19.12.2024

அக்காவுக்கு,

முதலில் சுகம் கேட்டு எழுதவேண்டும். நீங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கவேண்டும். என்னைப் பற்றி எழுதும் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

நீ போன் எடுக்கிறாய், நான் பேசுவதில்லை என்று நிரோஜியிடம் குறைப்பட்டாயாம். நவம்பர் பன்னிரண்டாம் திகதி மலையில் நிற்கும்போது கங்காணியின் போனுக்குத்தான் நீ பேசினாய். அவர் ஓடிவந்து என் காதில் வைத்தார். நீ ஒன்றும் சொல்லவில்லை, அழுதாய். அதன் பிறகு எந்தப் போனைக் காதில் வைத்தாலும் அந்த அழுகைதான் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். உனக்கு நான் முத்திரை ஒட்டி எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை தபால்காரி வீட்டிலேயே இருந்தாள்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்தது. கம்சலா அப்பா மறுநாளே கொழும்புக்குப் போய்விட்டார். நிரோஜி தன் அக்காவின் பாயில் படுக்கிறாள்.

மேடு இடிந்து மூன்று பிள்ளைகள் மேல் விழுந்தது என்றும், இரண்டு பேரை இழுத்துவிட்டார்கள் என்றும், கம்சலாவை எடுக்கத்தான் நேரமாகிவிட்டது என்றும் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதை நான் உன்னிடம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியை நேரே தோட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். நீதான், "அதிபரும் டீச்சர்மாரும் வரப்போறாங்க, ரெண்டு மணித்தியாலம் நம்ம வீட்டுல வைப்போம் மலர், நீ குசினிக்குள்ள இரு" என்றாய். அந்த நேரம் எனக்கு எது சொன்னாலும் சரி என்று இருந்தது. இருந்தேன். கதவு இடுக்கில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகப் போவது தெரிந்தது. ஒரு டீச்சர், "அம்மா வரலையா?" என்று கேட்டார். நீ, "குவைத்துல விடமாட்டேங்குறாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாய். எல்லாரும் உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டுக் குசினிக்குள் வந்தது. குடித்துவிட்டு, "நீங்க கம்சலாவுக்கு யாரு ஆன்ட்டி?" என்றது.

"சமையலுக்கு வந்தவ" என்றேன்.

என் வாயால் சொன்னேன் அக்கா. பெட்டி பத்தடி தூரத்தில் இருந்தது.

ஒன்றே ஒன்று எனக்குத் தெரியவேண்டும். அன்றைக்குக் கூட்டத்தில் கேட்டைப் பற்றி நீ என்ன சொன்னாய்? அதற்கு யார் என்ன பதில் சொன்னார்கள்? நடந்ததை நடந்தபடி எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

மலர்


பதுளை,
09.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நிரோஜியையாவது பார்க்கவேண்டும் நீ. அத்தானுக்கு இரத்த அழுத்தம் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கம்சலாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவள் படத்தைப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள், மாலை போட்டு. வளைவு ஜூன் மாதம் திறக்கும் அன்று எட்டாம் ஆண்டில் முதலாவதாக வரும் பிள்ளைக்குக் கம்சலா ஞாபகார்த்தப் பரிசு என்று ஒன்று கொடுக்கப்போகிறார்கள். செயலாளரே முன்மொழிந்தார்.

இன்னொரு நல்ல செய்தி. அதிபர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைக்குத் தங்கச்சி இருக்குதானே, அடுத்த வருசம் ஆறாம் ஆண்டுக்குக் கொண்டுவாங்க, நேர்முகம் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார். வாய்விட்டுச் சொல்லிவிட்டார் மலர். நிரோஜிக்கு இடம் நிச்சயம். ஆனபடியால் ஒரு வருசத்துக்கு நீ டவுன் பக்கம் வராமல் இருந்தால் நல்லது. யாராவது பார்த்துக் கேட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

ரமணன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

அக்கா
புஷ்பம்


மேற்பிரிவு லயம்,
பசறை.
26.01.2025

அக்காவுக்கு,

அத்தான் மருந்தை விடாமல் குடிக்கட்டும். உன் கடிதம் தோட்டத்து ஒப்பீசில் ஒன்பது நாள் கிடந்து கைக்கு வந்தது.

படம் மாட்டியதை எழுதியிருக்கிறாய். பரிசை எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை. நான் படித்தது ஐந்தாம் ஆண்டு மட்டும்தான், அதனால் கடிதத்தை மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். இல்லை.

கூட்டத்தில் என்ன சொன்னாய்?

மலர்


மேற்பிரிவு லயம்,
பசறை.
02.03.2025

அக்காவுக்கு,

ஐந்து கிழமையாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமில்லாமல் கிடக்கிறாயோ என்று பயந்தேன். அப்படி இல்லை, மினுமினுவென்று இருக்கிறாய் என்று நேற்றுத் தெரிந்துகொண்டேன்.

பசறைச் சந்தைக்குப் போயிருந்தேன், நிரோஜிக்குப் பாவாடைத் துணி வாங்க. பதுளையிலிருந்து வந்து துணி விற்கும் ஒரு முஸ்லிம் அம்மா, பெயர் ஸகீனா. துணியை முழம் போடும்போது, "எந்த ஸ்கூல் புள்ள?" என்று கேட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றேன்.

"நல்லது தங்கச்சி, பக்கத்துலயே வச்சுக்கங்க. எங்க ஸ்கூல்ல நடந்தது தெரியுமா? என் மக ஸனாவோட வகுப்புப் புள்ள. மண்ணு சரிஞ்சு."

"கேள்விப்பட்டேன்" என்றேன்.

"அல்லாஹ்வே, தங்கமான புள்ள. தாய்க்காரி குவைத்துல. பெத்த புள்ள செத்ததுக்குக்கூட வரல்ல பாருங்க. அப்படி என்ன சம்பாத்தியம்?"

நான் துணியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்கூடக் கூட்டத்துல சொன்னேன் தங்கச்சி. பஸ் வரும்வரைக்கும் கேட்டைப் பூட்டாதீங்க, புள்ளைங்க ரோட்டுல நிக்குதுன்னு. கேட்டாங்களா? பூட்டணும்னு எத்தனை பேர்னு கையத் தூக்கச் சொன்னாரு தம்பையா முதலாளி. அந்தப் புள்ளைய வளர்த்த பெரியம்மா இருக்காங்களே, புஷ்பம் அக்கா, அவங்களே தூக்கினாங்க. இப்ப அழுதா?"

"அவங்க ஒண்ணும் பேசலையா?" என்று கேட்டேன்.

"பேசுறதா? எனக்கு முன்னாடிதான் இருந்தாங்க. மொதக் கை அவங்க கைதான்."

மீதிக் காசு வாங்காமலே வந்துவிட்டேன். அந்த அம்மா பின்னால் கூப்பிட்டது கேட்டது.

நீ பேசவில்லை. அது போகட்டும், பயம் என்று வைத்துக்கொள்வேன். பூட்டு என்று கை தூக்கினாயா அக்கா? பிறகு என் பிள்ளையின் கையிலேயே, "சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது" என்று கடிதம் கொடுத்து அனுப்பினாயா? அவளுக்கு இரண்டு ரொட்டியும் கொடுத்து?

மலர்


பதுளை,
15.03.2025

மலருக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்.

கேட்டாய், எழுதுகிறேன். பேசத்தான் போனேன். உன் கடிதம் கைப்பையில் இருந்தது. எனக்கு முன்னால் ஸகீனா எழும்பிப் பேசிவிட்டார். அதற்குத் தம்பையா முதலாளி, "பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைகள் யாரு? டவுன் பிள்ளைகளுக்கு பஸ் எதுக்கு? நம்ம பள்ளிக்கூடத்துல எல்லாம் டவுன் விலாசந்தானே இருக்கு. கள்ள விலாசத்துல வந்த தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தா அதையல்லவா முதல்ல பார்க்கணும்?" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்தில் வந்து நின்றார். "புஷ்பம்மா, உங்க பிள்ளை வீட்டுக்கு நடந்துதானே வருது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப பூட்டுறதுல உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?" என்றார். இல்லை என்று கை தூக்கினேன். தூக்காமல் இருந்திருந்தால் அடுத்த நாளே விலாசம் பார்க்கக் கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். கம்சலாவை மட்டுமா, மற்றப் பதின்மூன்று பிள்ளைகளையும் வெளியில் போட்டிருப்பார். அவளுடைய இடத்தைக் காப்பாற்றத்தான் தூக்கினேன். இதை நீ நம்பாவிட்டாலும் உண்மை இதுதான்.

நீயும் ஒன்றை யோசி. குவைத்து என்று எழுதச் சொன்னது யார்? நான் விலாசம் மட்டும்தான் தருகிறேன் என்றேன். "அம்மா எங்கேன்னு கேப்பாங்க அக்கா, வெளிநாடுன்னு போட்டுடு, கேள்வியே வராது" என்று நீதானே சொன்னாய்? என் வீட்டு மேசையில் இருந்துகொண்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு.

ஜூன் மாதம் பரிசு கொடுக்க என்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பாதுகாவலர் என்று. நிரோஜி ஜனவரியில் சேர்ந்துவிட்டால் போதும், பிறகு நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். இருக்கிற பிள்ளையை நினை.

புஷ்பம்


மேற்பிரிவு லயம்,
பசறை.
06.04.2025

அக்காவுக்கு,

ஆமாம், நான்தான் சொன்னேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டுதான் சொன்னேன். அதை நான் மறந்த நாள் இல்லை. என்னை நான் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டேன், அதனால்தான் என் பிள்ளைக்காகப் பேசுவதற்கு அந்த மண்டபத்தில் ஆள் இல்லை.

ஆனால் மேடையில் நீ ஏறக்கூடாது. ஞாபகார்த்தம் என்றால் அவள் பெயருக்குக் கீழே பெற்றவள் பெயர் இருக்கவேண்டும். குசினியில் நின்றது போதும். மே மாதம் பொதுக்கூட்டம் இருக்கிறது என்று நிரோஜிக்கு ரமணன் சொல்லியிருக்கிறான். அதற்கு வருகிறேன். நான்தான் அம்மா என்று சொல்வேன். கேட்டைத் திறந்து வைக்கக் கேட்பேன். இரண்டு விசயம்தான்.

நிரோஜியின் இடத்தை நினைக்காமல் எழுதவில்லை. பத்து இரவு நினைத்தேன். அவளிடமே கேட்டேன். "அங்க போனா நானும் உங்களைக் குவைத்துன்னு சொல்லணுமாம்மா?" என்று கேட்டாள்.

புது வருசத்துக்கு உங்கள் எல்லாருக்கும் என் வாழ்த்து. நான் பலகாரம் சுடவில்லை.

மலர்


மேற்பிரிவு லயம்,
பசறை.
25.05.2025

அக்காவுக்கு,

வீடு போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கிறேன். கூட்டம் முடிந்ததும் உன்னைத் தேடினேன், காணவில்லை. நீயும் அங்கேதான் இருந்தாய், எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். தலையைக் குனிந்துகொண்டே இருந்தாய், அதனால் பார்த்திருக்கமாட்டாய்.

வாசலில் வளைவுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். உள்ளே போனதும் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டி, "எந்தப் பிள்ளை?" என்று கேட்டார்கள். எட்டாம் ஆண்டு கம்சலா என்றேன். அந்த டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. மண்டபத்துக்குள் அவள் படத்தைப் பார்த்தேன். பொட்டு வைக்காமல் எடுத்த படம். பெரிதாக்கிப் பூசியதில் யாரோ பணக்காரப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

வளைவுத் திறப்புக்கு பாண்டு வாத்தியம் எங்கிருந்து என்று பேசி முடியும்வரை இருந்தேன். பிறகு எழும்பினேன்.

"நான் யோகமலருங்க. கம்சலாவோட அம்மா. குவைத்துக்கு நான் போகவே இல்லைங்க. பாஸ்போட்டே எடுத்ததில்ல. பசறையில கொழுந்து எடுக்கிறேன். இடத்துக்காகப் பொய் எழுதினோம். தப்பு எங்களுதுதான். பரிசுல அம்மா பேரா என் பேரைப் போடுங்க. பஸ் வரும்வரைக்கும் கேட்டைத் திறந்து வைங்க. வேற ஒண்ணும் கேக்க வரல."

பிறகு ஸகீனா, "யா அல்லாஹ், என்கிட்டத் துணி வாங்கினது நீங்கதானே! நான் என்னென்ன பேசினேன்" என்று வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதார். அந்த மண்டபத்தில் எனக்காக அழுத ஒரே ஆள் அவர்தான்.

தம்பையா முதலாளி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "உங்க கவலை எங்களுக்கு விளங்குது அம்மா. ஆனா நீங்க சங்கத்துல அங்கத்தவர் இல்ல. பேச இடமில்ல. பாதுகாவலர் பேசலாம். புஷ்பம்மா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீ செருப்பின் வாரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தாய்.

அப்போது பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா எழும்பினார். "பழைய மாணவின்னுதான் நான் இங்க வந்திருக்கேன். அந்தப் பிள்ளை சேர்ந்த வருசந்தான் என் மகளை இடமில்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. நாங்க இதே தெருவுலதான் இருக்கோம். ரெண்டு பஸ் மாறி வேற ஸ்கூலுக்குப் போறா. இப்பத்தான் தெரியுது இடம் எங்க போச்சுன்னு." சொல்லிவிட்டு அவரே அழுதார். "செத்த பிள்ளையைப் பத்தி என்னை இப்படிப் பேச வச்சிட்டீங்களே" என்று என்னைத்தான் ஏசினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அது வரைக்கும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தாயா? தோட்டத்துத் தாய்மாருக்குத்தான் இடம் கொடுக்கக்கூடாது என்று ஒருவர். விலாசம் வாடகைக்கு விடுகிறார்கள் என்று இன்னொருவர். கடைசியில் வீடு வீடாகப் போய் எல்லாப் பிள்ளைகளின் விலாசத்தையும் பார்ப்பது என்று கை தூக்கினார்கள். ஏகமனதாக என்று எழுதினார்கள். ஸகீனா தூக்கவில்லை, அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

கேட்டு விசயம் நேரமில்லாததால் அடுத்த கூட்டத்துக்கு.

நான் வெளியில் வந்து மண்மேட்டுக்கு அடியில் பஸ்ஸுக்கு நின்றேன். வேறு எங்கே நிற்பது? என் பின்னால் கேட்டைப் பூட்டினார்கள்.

மலர்


பதுளை,
30.06.2025

மலருக்கு,

உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். கம்சலா படுத்த கட்டில் எது, அவள் உடுப்பு எங்கே என்று கேட்டார்கள். இல்லாத கட்டிலை எங்கே காட்டுவது? அத்தான் வெட்கத்தில் கடைக்குப் போகாமல் நாலு நாள் இருந்தார். என்னைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரமணன் சொந்தப் பிள்ளை என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள்.

பதின்மூன்று பிள்ளைகளையும் நிறுத்திவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அடுத்த வருசம் சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டியவர்கள். அவர்களுடைய தாய்மார் என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். "உன் தங்கச்சிக்குப் புள்ள செத்துப் போச்சு, எங்க புள்ளைங்க உசிரோட இருக்கே, அது பொறுக்கலையா?" என்று கேட்டாள் ஒருத்தி. உன் லயத்துக்கும் வருவார்கள், கதவைச் சாத்திக்கொள்.

அடுத்த கூட்டமும் முடிந்ததாம். ஸகீனா சொன்னார். பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் இப்போது இல்லை, ஆகவே கேட்டு விசயம் முடிந்துபோன விசயம் என்று எழுதிவிட்டார்களாம். வளைவைத் திறந்துவிட்டார்கள். பரிசுக்கு வளைவு கட்டிக் கொடுத்தவரின் தகப்பனார் பெயரை வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் படம் இல்லை.

நீ பேசியது சரி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் மேல் ஆத்திரம் அடங்கவில்லை. கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

புஷ்பம்


மேற்பிரிவு லயம்,
பசறை.
10.08.2025

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறேன். அத்தான் வேலைக்குப் போகிறாரா? ரமணன் படிக்கட்டும், அவன் மேல் என் கோபம் எதுவும் இல்லை.

தாய்மார் வந்தார்கள். கதவைச் சாத்தவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் பார்க்க ஏசினார்கள், கேட்டுக்கொண்டு நின்றேன். ஒருத்தி மட்டும் ஏசி முடித்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். நிரோஜி ஜனவரியில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் ஆண்டு. அங்கே விஞ்ஞானத்துக்கு டீச்சர் இல்லை. பெற்றார் கூட்டம் என்று கூப்பிட்டார்கள், போனேன். வந்தது நான்கு பேர்.

வியாழக்கிழமை பதிவுத் தபால் ஒன்று வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து. இந்த முறை ஒப்பீசில் கிடக்கவில்லை, கையெழுத்து வாங்கவேண்டும் என்று மலைக்கே கொண்டுவந்து தந்தார்கள். ஒப்பீசுத் தமிழ் எனக்கு விளங்காது, வீட்டுக்கு வந்து நிரோஜியை வாசிக்கச் சொன்னேன்.

போலி விலாசத்தில் சேர்ந்தது தெரியவந்ததால் கம்சலாவின் பெயரைச் சேர்வு இடாப்பிலிருந்து நீக்கிவிட்டார்களாம். சேர்ந்த நாளிலிருந்தே செல்லாதாம். ஆகையால் நவம்பர் மாதம் நடந்த விபத்து அந்தப் பாடசாலையின் மாணவிக்கு நடந்ததாகக் கொள்ளமுடியாதாம்.

நிரோஜி பாதியில் நிறுத்தி, "அக்கா அங்க படிக்கவே இல்லைன்னு போட்டிருக்காம்மா?" என்று கேட்டாள்.

"மேல யாருக்குன்னு போட்டிருக்கு, அதை வாசி" என்றேன்.

"திருமதி ர. யோகமலர், செல்வி ர. கம்சலாவின் தாயார், மேற்பிரிவு, பசறை."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். பெயர், இனிசல், லயம், எல்லாம் சரியாக இருந்தது. அதிபர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருக்கிறார்.

மலர்